சுவரைக் கடந்த அலை

நம் திருவண்ணாமலையில் கார்த்திகை பிறந்துவிட்டால் ஊர் முழுவதும் மலை உச்சியையே பார்த்தபடி இருக்கும். 2,668 அடி உயரத்தில் மகாதீபம் ஏற்றப்பட்டு, அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வீடுகளில் அகல் விளக்கு ஏற்றுவார்கள். முதலில் மலையில் ஒன்று, பிறகு மாடிகளில், பிறகு திண்ணைகளில் வரிசை வரிசையாக. ஒளி இவ்வாறு கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவுவதை நாம் ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். இதே கார்த்திகை மாதத்தில் பிறந்து, இதே கார்த்திகை மாதத்தில் மறைந்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். அவர் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

தாவரங்களுக்கும் உணர்ச்சி உண்டு என்று கூறிய விஞ்ஞானி என்ற அளவில் அவரை நாம் பாடநூலில் சந்தித்திருக்கிறோம். எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். அவரை வேறு விதமாக அறிந்துகொள்ளும்படி செய்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதை முதலில் கூறிவிடுகிறோம்.

பின்கட்டு அறை

எங்கள் வீடு பெரிய கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் இருக்கிறது. தெருப்பக்கம் குறுகியும் உள்ளே நீண்டும் போகும் பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அதற்கும் பின்னால் பின்கட்டு. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் பாட்டி பின்கட்டு அறையில் படுத்திருக்கிறார். கழிவறை அங்கேதான் பக்கத்தில் இருக்கிறது என்பதால் அவரை வேறு அறைக்கு மாற்ற முடியவில்லை. இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கம்பியோ தெருப்பக்கம் ரேழியில் வந்து நிற்கிறது. அக்காளும் தங்கையுமாக நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பாடமும் பார்ப்போம், படமும் பார்ப்போம். ஒரு குறையும் இருந்ததில்லை. ஆகவே வீட்டில் இணையம் நன்றாக வருகிறது என்றே நினைத்திருந்தோம்.

குவைத்தில் வேலை செய்யும் எங்கள் சித்தப்பாவுக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் வேளையைப் பாட்டி வீடியோ அழைப்பில் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா மிகவும் ஆசைப்பட்டார். பாட்டிக்குத் தலை வாரி, புதுப்புடவை உடுத்தி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார வைத்தோம். சித்தப்பா குழந்தையின் காதருகே குனிந்தார். அந்த வேளையில் படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் செல்போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினோம். அதற்குள் எல்லாம் முடிந்து அங்கே இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குச் சூட்டியது பாட்டியின் பெயரேதான். அதை நாங்கள் திரும்பி வந்து சொல்லித்தான் பாட்டி தெரிந்துகொண்டார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. புதுப்புடவையை மாற்றி மடித்து வைத்துவிடுங்கள் என்று மட்டும் கூறினார்.

எங்களுக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது. முன்கட்டில் இருப்பவர்களுக்குப் பின்கட்டில் என்ன குறை என்பது தெரிவதே இல்லை. மறுநாள் எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் சென்று, சுவரில் அந்த அலைகளுக்கு என்னதான் நேர்கிறது என்று கேட்டோம். அவர் உடனே விடை கூறாமல் நூலக அலமாரியைக் காட்டி, முதலில் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வாருங்கள் என்றார்.

இளமையும் கல்வியும்

ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் மைமன்சிங் நகரில் பிறந்தார். அது இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசின் கீழ் உயர்ந்த பதவி வகித்தவர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை. ஆனால் பகவான் சந்திரர் தம் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்த பிறகே பிறமொழி கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் ஜகதீசரின் ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் பணியாளரின் மகனும், மறுபக்கம் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்தார்கள். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் கூறிய கதைகளே தமக்கு இயற்கையின் மீது ஆசையை ஊட்டின என்று ஜகதீசர் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அவருடைய தாயார் வேறுபாடு பாராமல் எல்லோருக்கும் ஒன்றாகவே உணவு பரிமாறுவாராம்.

1869-இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, முதலில் ஹேர் பள்ளியிலும் பின்னர் இயேசு சபையார் நடத்திய தூய சவேரியார் பள்ளியிலும் சேர்ந்தார். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் நடுவே கிராமத்திலிருந்து வந்த இந்தச் சிறுவன் தனித்துப் போனான். கேலிக்கும் சண்டைக்கும் ஆளானான். விடுதியின் ஒரு மூலையில் சிறு தோட்டம் போட்டும், பிராணிகளை வளர்த்தும் தன் தனிமையைப் போக்கிக்கொண்டான். முதன்முதலாக விடுதிக்கு வந்து, ஆங்கிலத்தில் பேசத் தெரியாமல் விழித்த நம் தோழிகள் பலருக்கு இது புரியும்.

அதே பெயர் கொண்ட கல்லூரியில்தான் அவருக்கு ஒரு நல்லாசிரியர் வாய்த்தார். பெல்ஜியம் நாட்டிலிருந்து 1865-இல் கல்கத்தாவுக்கு வந்த அருட்தந்தை யூஜின் லஃபோன் என்ற இயேசு சபைத் துறவி அவர். இயற்பியலைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டாமல், கருவிகளை மேசைமீது வைத்துச் செய்து காட்டியே கற்பித்தார். கல்லூரியில் வானியல் நோக்குக்கூடம் அமைத்தார். வகுப்புக்கு வர முடியாத பொதுமக்களுக்கும் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது அவருக்குத் துணை நின்றார். எதையும் செய்து பார்க்க வேண்டும், செய்ததை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற இரண்டு பழக்கங்களையும் ஜகதீசர் இந்த ஆசிரியரிடம்தான் பெற்றார்.

1880-இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். ஓயாத காய்ச்சலால் அப்படிப்பைக் கைவிட நேர்ந்தது. பின்னர் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர். கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பட்டங்களுடன் தாயகம் திரும்பினார்.

சம்பளம் வாங்காத மூன்று ஆண்டுகள்

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் ஒரே வேலைக்கு வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். வெள்ளையர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அதிலும் தற்காலிகப் பதவி என்பதால் ஜகதீசருக்கு அதில் பாதியே கொடுத்தார்கள். அவர் வேலையை விட்டு விலகவில்லை, சண்டையும் போடவில்லை. ஒவ்வொரு நாளும் கல்லூரிக்குச் சென்று முழு மனத்துடன் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. அவ்வேளையில் வீட்டிலோ தந்தையார் பொதுநலத் தொழில்களில் ஈடுபட்டுப் பட்ட கடன் கழுத்தை நெரித்தது. இறுதியில் கல்லூரித் தலைவரும் கல்வித் துறைத் தலைவரும் அவருடைய தகுதியை ஒப்புக்கொண்டனர். முன்தேதியிட்டு முழுச் சம்பளமும் வழங்கப்பட்டது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

இந்தத் துன்ப காலத்தில் 1887-இல் அவர் கைபிடித்தவர் அபலா அம்மையார். இந்த அம்மையாரைப் பற்றி நம் பள்ளி மாணவிகள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். அபலா மருத்துவராக விரும்பினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களை அப்போது சேர்க்கவில்லை. ஆகவே 1882-இல் வங்காள அரசின் உதவித்தொகை பெற்று, நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க இயலவில்லை. தமக்கு அடைபட்ட கதவைப் பிற பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டார். 1919-இல் நாரி சிக்ஷா சமிதி என்ற பெண்கல்விச் சங்கத்தை நிறுவி, வங்காளத்தின் கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகளை ஏற்படுத்தினார். இளம் விதவைகளுக்குத் தொழிற்கல்வி அளித்தார். 1951-இல் மறையும் வரை அத்தொண்டை விடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

ஒளியும் மின்சாரமும் காந்தமும் உறவுடையவை, கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் வெளியில் பரவ முடியும் என்று 1860-களில் ஸ்காட்லாந்துக்காரரான மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் கூறினார். 1887-88-இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் அத்தகைய அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1894-இல் ஹெர்ட்ஸ் இளவயதிலேயே இறந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் அவருடைய ஆராய்ச்சியை விளக்கிச் சொற்பொழிவாற்றினார். அதைப் படித்த ஜகதீசருக்கு ஆர்வம் பிறந்தது. அவ்வாண்டு தம் 36-ஆம் பிறந்த நாளில், இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பது என்று முடிவு செய்தார்.

கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு சிறு அறைதான் கிடைத்தது. கருவி செய்ய ஆளில்லை. பயிற்சியே இல்லாத ஒரு தகர வேலைக்காரரைப் பழக்கித் தமக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய இடம் வேண்டும். ஜகதீசரோ சுமார் 5 மில்லிமீட்டர் வரை நீளம் குறைந்த அலைகளை உண்டாக்கினார். அதனால் கருவிகள் முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கின. இந்த அலைகளும் ஒளியைப் போலவே எதிரொளிக்கின்றன, விலகுகின்றன, தளவிளைவு அடைகின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு இடையே ஈயத்தாளைச் செருகி ஒரு கருவி. வங்காளத்தில் எங்கும் கிடைக்கும் சணலை முறுக்கி மற்றொரு கருவி. 1895 மே மாதம் அவருடைய முதல் கட்டுரை வங்காள ஆசியவியல் சங்கத்தில் படிக்கப்பட்டது. மறு ஆண்டே லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

அதே காலத்தில் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் ஒரு காட்சி நடத்தினார். ஓர் அறையிலிருந்து புறப்பட்ட அலை, நடுவில் அமர்ந்திருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னரின் பருத்த உடலையும், சுவர்களையும் கடந்து, சுமார் 75 அடி தூரத்தில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இடையில் கம்பி ஏதும் இல்லை. பார்த்தவர்கள் மாயவித்தையைக் கண்டாற்போல் திகைத்தனர்.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஓர் ஐயம் வந்தது. அன்றைக்கே சுவரைக் கடந்த அலை, இன்றைக்கு எங்கள் பாட்டியின் அறைக்கு ஏன் போகவில்லை? ஆசிரியை விளக்கினார். சுவர் அலையை முழுவதும் தடுப்பதில்லை. ஒவ்வொரு சுவரும் அதன் வலிமையில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்கிறது. ஒரு மணி அடிப்பதற்கு நலிந்த ஒரே ஒரு சைகை போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் ஒருவர் முகமும் குரலும் வர வேண்டுமானால் விநாடிக்கு இலட்சக்கணக்கான சைகைகள் இடைவிடாமல் வந்து சேர வேண்டும். வீட்டு வைஃபையில் இரண்டு வகை அலைகள் உள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அது சற்று மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாங்கிக் கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. வேகம் மிகுதி, ஆனால் சுவரில் விரைவில் சோர்ந்துவிடும். இரும்புப் பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ரேழிக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஐந்து சுவர்கள், ஒரு பீரோ, ஒரு தண்ணீர்த் தொட்டி. பாவம், அந்த அலை எப்படித்தான் பிழைத்து வரும்!

தமக்கென வைத்துக்கொள்ளாதவர்

இத்தாலிய இளைஞரான மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை ஒரு பெருந்தொழிலாக்க முனைந்து, 1896-இல் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். 1901 டிசம்பர் 12-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சைகையைப் பெற்றார். அப்போது அவர் பயன்படுத்திய பாதரச உணர்கருவிக்கும், ஜகதீசர் 1899-இல் வெளியிட்ட உணர்கருவிக்கும் உள்ள உறவை 1998-இல் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். 1909-இல் மார்க்கோனிக்கும் ஜெர்மானியரான பிரவுனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஜகதீசருக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஏமாற்றப்பட்டார் என்று சிலர் கோபமாக எழுதுகிறார்கள். நாங்களும் முதலில் அப்படியே கொதித்தோம். ஆனால் ஆழ்ந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. கடல் கடந்து செய்தி அனுப்புவது மார்க்கோனியின் நோக்கம். அதில் அவர் உழைப்பு பெரிது. அலையின் இயல்பை அறிவது ஜகதீசரின் நோக்கம். அவர் தம் கருவிகளின் அமைப்பை மறைக்காமல் கூட்டங்களில் காட்டினார், கட்டுரைகளில் எழுதினார். 1901-இல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி அவரைத் தேடி வந்து, கண்டுபிடிப்பை வெளியிடாமல் தம்மிடம் தந்தால் பெரும் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். ஜகதீசர் அதை ஏற்கவில்லை. அந்தப் பணவேட்கையைக் கண்டு வருந்தி, நண்பர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதம் எழுதினார். சகோதரி நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால் மட்டுமே ஒரு கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற ஒப்பினார். அது 1904-இல் வந்தது. அதையும் அவர் பயன்படுத்திப் பணம் சேர்க்கவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

பின்னர் அவர் மனம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. தொட்டாற்சிணுங்கியையும் தொழுகன்னியையும் வைத்து, செடிகள் வெளித்தூண்டலுக்கு மின்சைகை மூலம் விடையளிப்பதை ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார. லண்டன் ராயல் சங்கம் 1901-இல் அவருடைய கட்டுரையை அச்சிடாமல் ஒதுக்கி வைத்தது. அதே சங்கம் 1920-இல் அவரைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அவர் செடிகளைப் பற்றிக் கூறிய எல்லாவற்றையும் இன்றைய விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. ஆயினும் செடிகளுக்குள் மின்சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயமற நிலைநாட்டப்பட்ட உண்மை.

1917 நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து நாட்டுக்கு அளித்தார். அதை ஓர் ஆய்வுக்கூடமாக மட்டும் கருதாமல் கோவிலாகவே கருதினார். மாநிலக் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்களுள் சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா ஆகியோர் உலகப் புகழ் பெற்றனர். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்ற ஊரில் ஜகதீசர் காலமானார். அதே ஆண்டு ஜூலை மாதம்தான் மார்க்கோனியும் மறைந்திருந்தார். 2012-இல் உலக மின், மின்னணுப் பொறியாளர் சங்கம் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீசரின் மில்லிமீட்டர் அலை ஆராய்ச்சியை வரலாற்றுச் சாதனையாக அறிவித்து நினைவுப் பலகை வைத்தது. அவர் ஒரு சிறு அறையில் உண்டாக்கிய அதே 5 மில்லிமீட்டர் அலையை, ஓர் அறைக்குள் மிகு வேகத்தில் செய்தி அனுப்பும் ஒருவகை வைஃபைக்கு இன்று பயன்படுத்துகிறார்கள்.

நடுவில் நிற்பவர்

இவ்வளவும் படித்த பிறகு எங்கள் வீட்டு வேலைக்குத் திரும்பினோம். ரேழியில் உள்ள ரூட்டரை இன்னும் வலிமையானதாக மாற்றினால் போதாதா என்று அப்பா கேட்டார். எவ்வளவு உரக்கக் கத்தினாலும் ஐந்து சுவருக்கு அப்பால் கேட்காது. நடுவில் ஒருவர் நின்று கேட்டுச் சொன்னால்தான் கேட்கும் என்று நாங்கள் கூறினோம். அதற்குத்தான் மெஷ் வைஃபை என்ற முறை இருக்கிறது. ஒரே ரூட்டருக்குப் பதிலாக இரண்டு மூன்று சிறு பெட்டிகள். முதல் பெட்டி இணையக் கம்பியுடன் இணைந்திருக்கும். மற்றவை மின்சாரத்தில் மட்டும் செருகப்பட்டு, முன்னதிடம் பெற்ற அலையை அடுத்ததற்குக் கொடுக்கும். வீடு முழுவதற்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். செல்போனை எடுத்துக்கொண்டு நடந்தால் அருகிலுள்ள பெட்டியுடன் அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

அப்பா தீபாவளிப் போனஸில் மூன்று பெட்டிகள் வாங்கித் தந்தார். அவசரத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். எங்கே அலை இல்லையோ அங்கேயே பெட்டியை வைக்க வேண்டும் என்று எண்ணி, இரண்டாவதைப் பாட்டியின் கட்டில் அருகே வைத்தோம். பயன் ஒன்றும் இல்லை. கேட்காதவனிடம் போய் நின்றால் அவனுக்கும் கேட்காது, நமக்கும் கேட்காது அல்லவா? பிறகு ஜகதீசரைப் போலச் செய்து பார்ப்பதென்று தீர்மானித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டின் படம் வரைந்து, இடம் இடமாகச் சென்று வேகத்தை அளந்து குறித்தோம். எங்கள் முற்றம் திறந்த வெளி. அதில் தடையே இல்லை. ஆகவே இரண்டாவது பெட்டியைக் கூடத்தின் ஓரத்தில், முற்றத்தைப் பார்த்தாற்போல், ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகையில் வைத்தோம். மூன்றாவதை முற்றத்தின் எதிர்ப்புறம் பின்கட்டு வாசலில், அதே உயரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு விலகி வைத்தோம். ஒன்றையொன்று சுவரில்லாமல் பார்த்துக்கொண்டன. பீரோவை வேறு சுவருக்கு நகர்த்தினோம். பழைய ரூட்டரின் வைஃபையை நிறுத்தினோம். இல்லாவிட்டால் செல்போன் பழைய பழக்கத்தில் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றாலும் பேச்சு அறாமல் இருக்கப் பழைய ரூட்டரையும் முதல் பெட்டியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்தோம். மற்ற இரண்டும் அந்த இணைப்பில் முன்பே இருந்தன. எல்லாம் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

கார்த்திகை தீபத்தன்று மாலை நாங்கள் மொட்டை மாடியில் நின்றோம். மலையில் தீபம் எரிந்ததும், ஊர் எழுப்பிய பெருங்குரலுடன், செல்போனில் அதைப் பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நேரத்தில் காட்டினோம். இந்த முறை படம் நிற்கவில்லை. கீழே ஓடி வந்து பார்த்தபோது பாட்டி படுத்தபடியே செல்போனை நோக்கிக் கை கூப்பியிருந்தார். குவைத்தில் சித்தி குழந்தையைத் தூக்கிக் காட்டினார். பாட்டி தன் பெயரைச் சொல்லித் தானே அதை அழைத்தார். அழைத்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு, மலைவிளக்கைப் பார்த்தாயிற்று, இன்னும் ஏன் அகல் ஏற்றவில்லை என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

தோழியரே! மாக்ஸ்வெல் கணக்கிட்டதை ஹெர்ட்ஸ் பெற்றார். ஹெர்ட்ஸ் கண்டதை ஜகதீசர் பெற்றார். அருட்தந்தை லஃபோனின் விளக்கு ஜகதீசரிடமும், ஜகதீசரின் விளக்கு அவர் மாணவர்களிடமும் எரிந்தது. பெற்றதை மறைத்து வைத்துக்கொண்ட ஒருவர் நடுவில் இருந்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். நமக்கு நல்ல பள்ளியும் நல்ல ஆசிரியைகளும் கிடைத்திருக்கிறார்கள். நாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்குப் பின்கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்ப்போம். பெற்றதை அவர்களுக்கும் கொண்டு சேர்ப்போம். ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

பத்தாம் வகுப்பு மாணவி